இலங்கையை உலுக்கிய மலேரியா

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் வற்றி, மணற்படுக்கையில் குட்டை குட்டையாகத் தெளிந்த நீர் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு முட்டையிட அதைவிட வாகான இடமில்லை. மலேரியா அவ்வளவாகப் பழகியிராத ஈரவலயக் கிராமங்களிலும் காய்ச்சல் மூண்டது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டன. சில மாதங்களில் சுமார் 80,000 பேர் மாண்டனர். 1935இல் ஆயிரம் பிறப்புக்கு 263 சிசுக்கள் ஒரு வயது நிறையுமுன்பே இறந்தன. விளைச்சலின்றி ஏற்கெனவே பட்டினியில் வாடிய வீடுகள் அவை. காய்ச்சலோடு பசியும் சேர்ந்தே அந்தப் பிள்ளைகளைக் கொன்றது. இதை உணர்ந்த, சூரியமல் என்ற இடதுசாரி இயக்கத்தின் தொண்டர்கள் கொயினாவுடன் பருப்பையும், சிறு உருண்டைகளாக உருட்டிய மார்மைட்டையும் ஊர் ஊராகக் கொண்டுசென்றனர்.

1940களின் நடுவில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. பூச்சிகொல்லி தெளிப்பது தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். நோய் ஒழிந்ததென்று தெளிப்பு நிறுத்தப்பட்டது. அது பெரும் பிழை. 1968–69இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நுளம்பும் டி.டி.டி.க்கு மசியாததாக மாறியிருந்ததால் பின்னர் மாலத்தியானுக்கு மாற வேண்டியதாயிற்று.

உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் இரத்தப் பரிசோதனையும் மருந்து தெளிப்பும் தொடர்ந்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.