வலப்பக்கம் ஓட்டுவது நபிவழியா?

வளைகுடாவிலிருந்து திரும்பும் சபராளிகள் சிலர் சொல்லக் கேட்டிருப்போம்: அரபு நாடுகளில் வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்வது, நற்செயல்களை வலப்புறத்திலிருந்து தொடங்கும் நபிவழியை ஒட்டியதாம். வலக்கையால் உண்டு, வலக்காலை முன்வைத்துப் பள்ளிவாசலுக்குள் நுழைந்து பழகிய நமக்கு இது இயல்பாகவே படுகிறது. ஆயினும் வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் இந்தோனேசியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்றிலும் வாகனங்கள் செல்வது இடப்பக்கமே. மலேசியா, புருணை, மாலத்தீவு ஆகியவையும் அவ்வாறே. அல்ஜீரியா, துனிசியா, சிரியா, லெபனான் ஆகியவற்றில் வலப்பக்கம். முன்னவற்றுள் பெரும்பாலானவை பிரிட்டனின் ஆதிக்கத்தில் இருந்தவை; பின்னவை பிரான்சின் ஆட்சியில் இருந்தவை. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் நாட்டில் இடப்பக்கத்தை விதியாக்கிய பிரிட்டன், அதனைத் தன் ஆட்சிப் பகுதிகளுக்கும் கொண்டு சென்றது. இந்தோனேசியாவின் கதை சற்று விந்தையானது. அதனை ஆண்ட டச்சுக்காரர்கள் நெப்போலியன் காலத்தில் தம் தாய்நாட்டில் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டனர். அவர்களது குடியேற்ற நாட்டிலோ பழைய இடப்பக்கமே நிலைத்துவிட்டது.

அரபு மண்ணிலேயே இடப்பக்கம் இருந்தது என்பது நம்மில் பலரும் அறியாதது. பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த பஹ்ரைன், அண்டை நாடுகளோடு ஒத்துப்போகும் பொருட்டு 1967இல்தான் வலப்பக்கத்துக்கு மாறியது. சவூதியோடு அதனை இணைக்கும் கடற்பாலம் 1986இல் திறக்கப்பட்டபோது இரு கரைகளிலும் ஒரே விதி இருந்தது. ஏடன் நகரை உள்ளடக்கிய தென் ஏமனில் 1977 வரை இடப்பக்கமே. செனகலால் சூழப்பட்ட காம்பியா 1965இலும், நைஜீரியா 1972இலும், சூடான் 1973இலும் மாறின. இம்மாற்றங்களுக்கு மார்க்கத் தீர்ப்பு காரணமன்று. எல்லையைக் கடந்து வரும் வாகனமே காரணம்.

பஹ்ரைன் மாறிய அதே ஆண்டில் சுவீடனும் மாறியது. 1955இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 80 பேருக்கு மேல் இடப்பக்கமே போதும் என்றனர். அண்டை நாடுகளான நார்வேயிலும் பின்லாந்திலும் வலப்பக்கம் என்பதால் அரசு விடவில்லை. 1967 செப்டம்பர் 3 விடியற்காலையில் சாலையில் இருந்த வாகனங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டு, மெல்ல வலப்பக்கம் நகர்த்தப்பட்டு, 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன. பசுபிக் தீவு நாடான சமோவா 2009இல் நேர்மாறாக வலத்திலிருந்து இடத்துக்கு மாறியது. நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் மலிவாகப் பழைய கார்களை வரவழைக்கலாம் என்பதே அதன் கணக்கு!

நம் பாட்டனார்கள் வணிகம் செய்த கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன் ஆகிய நகரங்கள் அனைத்திலும் அன்று இடப்பக்கமே. எனவே சாலையைப் பொறுத்தவரை அவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது ஏதுமிருக்கவில்லை. பின்னர் 1970இல் பர்மா வலப்பக்கத்துக்கு மாறியது. சாலை மாறியதே தவிர வண்டிகள் மாறவில்லை. அதன் பிறகும் பல்லாண்டுகள் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய பழைய கார்களில் ஓட்டுநர் இருக்கை வலப்புறமே இருந்தது. சாலையோரத்தை ஒட்டி அமர்ந்திருக்கும் ஓட்டுநர், முன்செல்லும் வண்டியை முந்த நினைத்தால் எதிரே வருவதைக் காண இயலாது.

1970களில் வளைகுடாவுக்குப் புறப்பட்ட நம் தலைமுறையே முதன்முதலில் பெருந்திரளாக மறுபக்கச் சாலைக்குச் சென்றது. ஓட்டுநராகச் சென்றவர்கள் அங்கே பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறியே உரிமம் பெற வேண்டியிருந்தது. ஆகவே கண்ணும் கையும் பழக அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. கடையிலும் கட்டுமானத்திலும் வேலைக்குச் சென்றவர்களுக்கு அத்தகைய பயிற்சி ஏது? ஊர் வழக்கப்படி வலப்புறம் நோக்கிவிட்டுக் காலை எடுத்து வைக்கும்போது, அங்கே வண்டி வருவது இடப்புறமிருந்து. புதிதாக விசா கிடைத்துப் புறப்படும் பிள்ளைகளிடம், பெட்டியில் வைக்கும் ஊறுகாயைப் பற்றிப் பேசும் அளவுக்கேனும் இதனைப் பற்றியும் வீட்டில் பேசலாம்.