சபாபதியும் சோடாவும் என் அரைகுறைக் கன்னடமும்

மைசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் நடந்தது இது. ஒரு கடன் ஃபைலை எடுத்து என் மேஜையில் வைக்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அட்டெண்டரிடம் "ஃபைல் தெகெதிடி" என்றேன். தெகெ என்றால் எடு, இடு என்றால் வை. கணக்கு சரிதானே? ஆனால் இங்கே அதற்கு "எடுத்து உள்ளே வை" என்று அர்த்தம். மனிதர் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தம் போட்டேன். அவர் அமைதியாக, "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார்.

போன மாதம் பிள்ளைகளோடு யூட்யூபில் 'சபாபதி' பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. எஜமானர் சோடா உடைத்துக் கொண்டுவரச் சொல்கிறார். வேலைக்காரர் பாட்டிலையே உடைத்துவிடுகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் கொஞ்சம் சுருக்கென்றது.

படம் வெளியானது 1941 டிசம்பர் 14. முத்துத் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டு சரியாக ஒரு வாரம். சில மாதங்களில் குண்டுக்குப் பயந்து சென்னையே காலியானது. அந்த நேரத்தில் ஜனங்களைச் சிரிக்க வைத்த படம் இது. கதை பம்மல் சம்பந்த முதலியாருடைய நாடகம். இயக்கம் ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும். அதே வருடம் மெய்யப்பன் நம்ம மைசூர் நாடகக்காரர் சுப்பையா நாயுடுவை வைத்து 'வசந்தசேனா' என்ற கன்னடப் படமும் எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்த 'ஹரிச்சந்திரா' 1944ல் தமிழ் பேசியது. தமிழின் முதல் டப்பிங் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

சபாபதிக்கு வருவோம். பணக்கார வீட்டுப் பிள்ளை சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன். வேலைக்காரர் பெயரும் சபாபதிதான், அது காளி என். ரத்தினம். எம்.ஜி.ஆருக்கே நாடகக் கம்பெனியில் வாத்தியாராக இருந்தவர். வேலைக்காரியாக வரும் சி.டி. ராஜகாந்தத்தோடு அவர் அடிக்கும் லூட்டிதான் படத்தின் உயிர்.

1934லேயே இங்கிலாந்தில் 'சிங் ஆஸ் வி கோ' என்று ஒரு படம் வந்தது. ஆலை மூடி வேலை இழந்த பெண்தான் அதில் கதாநாயகி. கிரேசி ஃபீல்ட்ஸ் நடித்தது. நம்ம ஊரில் வேலை செய்கிறவனுக்கு அந்த இடம் அப்போது கிடைக்கவில்லை. அவன் பக்கத்தில் நின்று சிரிப்பு மூட்ட வேண்டியவன்.

ஆனாலும் பம்மல் ஒரு வேலை செய்திருக்கிறார் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்! எஜமானருக்குப் பரீட்சையில் தேற வழியில்லை, வேலைக்காரருக்கு வாசலில் சொன்னது அடுக்களை போவதற்குள் மாறிவிடுகிறது. இதில் யார் முட்டாள்? சொன்னதை அப்படியே செய்கிறவனா, சொல்லத் தெரியாமல் சொன்னவனா?

ஊர் விட்டு ஊர் வந்த நாமெல்லோருமே ஏதோ ஒரு நாள் அந்த வேலைக்கார சபாபதிதான். காய்கறிக் கடையில், பள்ளிக்கூடத்தில், பேருந்தில். நாற்காலி கிடைத்ததும் அது மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த அட்டெண்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அன்றைக்குத் தப்பு என்னுடையது என்று இதுவரை அவரிடம் நான் சொன்னதில்லை. இந்த சோடா கதையோடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன், கன்னடத்தில்தான். என்ன, அதற்கு முன்னால் ஒருமுறை என் மகளிடம் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்!