கிடைக்குடிலும் தார்ப்பாயும்: கம்பம் பள்ளத்தாக்கில் தற்காலிக உறைவிடத்தின் வரலாறு

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரருக்கு நியூட்ரினோ ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அந்தத் திட்டத்தின்படி, அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவியை உள்ளே நிறுத்துவதாக இருந்தது. அதையொட்டி எழுந்த வாதப் பிரதிவாதங்களில் மலையடிவார மேய்ச்சலும் அடிபட்டது. மாடு இனி எங்கே மேயும் என்ற கேள்வி எழுந்த அளவுக்கு, மாட்டின் பின்னால் போகிறவர் இரவில் எங்கே தலைசாய்க்கிறார் என்ற கேள்வி எழவில்லை. இக்கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது.

கம்பம் பள்ளத்தாக்கின் தற்காலிக உறைவிடங்களை நிலையான வீட்டின் மலிவுப் பதிப்பாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றின் கட்டுமானம் வேறு கதை சொல்கிறது. சட்டம் தனி, போர்வை தனி; போர்வை நைந்தால் அதை மட்டும் மாற்றலாம், இடம் மாறினால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். இந்தப் பிரிவினை ஏறத்தாழ நூறாண்டில் தேய்ந்து, கடைசி இருபதாண்டில் அநேகமாக மறைந்துவிட்டது. ஆப்பிரிக்க மேய்ச்சல் சமூகங்களின் வீடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் எதைத் தொலைத்தோம் என்பது தெளிவாகத் தெரிகிறது. அவர்களிடமிருந்து வடிவத்தை இரவல் வாங்கத் தேவையில்லை என்பதே என் வாதம்.

முள்வேலியும் இலைக்கூரையும்

தமிழில் தற்காலிகக் குடியிருப்பைப் பற்றிய பழைய பதிவுகள் பத்துப்பாட்டில் கிடைக்கின்றன. பெரும்பாணாற்றுப்படை ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிலை முள்ளம்பன்றியின் முதுகோடு ஒப்பிடுகிறது. இடையர் குடியிருப்பைச் சொல்லும்போது முள்ளிட்ட வேலியையும் எரு நிறைந்த முற்றத்தையும் காட்டுகிறது. முல்லைப்பாட்டில் வருவது போர்ப்பாசறை. காட்டுப் புதரை வெட்டித் திருத்தி, முள்ளால் மதில் வளைத்து, தழைக்கூரைக் குடில்களைத் தெருத்தெருவாக அமைத்திருக்கிறார்கள். வீரர்கள் தங்கும் இடத்துக்கு வில்லையே காலாக ஊன்றிக் கயிற்றை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். கையில் இருக்கும் பொருளே கட்டுமானப் பொருள் என்ற கொள்கை அங்கேயே வந்துவிட்டது. பாசறையும் இடையர்சேரியும் ஒரே உத்தியைப் பகிர்ந்துகொண்டன என்பது தற்செயலாக இருக்க முடியாது. இரண்டும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியவை.

கென்யாவிலும் தான்சானியாவிலும் மசாய் மக்களின் குடியிருப்பு இதே அமைப்பில்தான் இருக்கிறது. வட்டமாக முள்வேலி, நடுவில் மாடுகளுக்கான தொழு, ஓரத்தில் வீடுகள். கம்பு ஊன்றி, மிலாறு பின்னி, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசுவது பெண்களின் வேலை. சாணமும் ஒட்டுண்ணியும் பெருகிவிட்டால், அல்லது புல் தீர்ந்துவிட்டால், இடத்தை விட்டுவிடுவார்கள். மண் மண்ணோடு போகும். சோமாலியரின் அகல் என்னும் குடில் இன்னும் இலகுவானது. வளைத்த கழிகளின் மேல் நார்ப்பாய்களை விரித்துக் கட்டுவார்கள். பிரித்தால் கழியும் பாயும் ஒட்டகத்தின் முதுகில் ஏறிவிடும். அதையும் பெண்களே சில மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். துவாரெக் நாடோடிகளிடம் கூடாரம் மனைவியின் சொத்து. லபெல் புருசின் ஆப்பிரிக்க நாடோடிக் கட்டடக்கலை பற்றி 1995-இல் வெளியிட்ட நூலின் மையச் செய்தியே இதுதான்: ‘நாடோடிக்குக் கட்டடக்கலை கிடையாது’ என்ற எண்ணம், கட்டுபவர் பெண்ணாக இருந்ததால் ஆய்வாளர் கண்ணில் படாமல் போனதன் விளைவு.

தென்னாப்பிரிக்காவின் நாமா மக்களிடம் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அவர்களுடைய கோரைப்பாய்க் குடிலில், மழை பட்டதும் கோரை ஊறிப் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே புகும். பொறியியல் மாணவர்கள் இன்று உணர்கருவியும் மின்விசையும் வைத்துச் செய்யப் பார்க்கும் காரியத்தைக் கோரை தானாகச் செய்கிறது. ரிச்டர்ஸ்வெல்ட் நிலப்பகுதி 2007-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமானதற்கு நாமா மக்களின் இந்த மேய்ச்சல் வாழ்க்கையே முக்கியக் காரணம்.

கிடையின் கணக்கு

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோக நெல் விளைகிறது. அறுப்பு முடிந்து அடுத்த நாற்று நடும்வரை வயல் சும்மா கிடக்கும் இடைவெளியில்தான் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்கு நிலத்துக்காரர் பணமோ தவசமோ கொடுப்பார். நேற்று ஒரு வயல், இன்று இன்னொரு வயல் என்று கிடை நகர்ந்தால்தான் உரம் சீராகப் பரவும். ஆகவே கிடைக்குடிலின் ஆயுளைத் தீர்மானிப்பது வயலின் உரத்தேவை.

அதற்கேற்ற கட்டுமானத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வேலிக்கு, மூங்கில் பிளாச்சிலோ முள்ளிலோ பின்னிய படல்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் தோளில் சுமக்கும் அளவு. குட்டிகளை அடைக்கக் கவிழ்த்துவைக்கும் கூடாப்பு. கிடையைக் காக்கும் கீதாரி படுக்கக் குனிந்து நுழையும் சின்னக் குடில். ஆணி எங்கும் கிடையாது, எல்லாம் கட்டுத்தான். பனை அகணி நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஈரத்தோடு கட்டுவார்கள். காயக் காய முடிச்சு இறுகும். பிரிக்க வேண்டுமானால் மறுபடி நனைத்தால் போதும். கூரையின் தாழ்வாரத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவது காற்றுக்காக. ஆடி மாதக் காற்றை இங்கே அனுபவித்தவர்களுக்கு இது விளங்கும்; ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டதும் அதே காற்றை நம்பித்தான்.

மலைமேல் பொருள் மாறுகிறது, முறை மாறவில்லை. குரங்கணிக்கு மேலே முதுவர்கள் ஈத்தையைப் பிளந்து சுவருக்குப் பின்னி, அதன் இலையையும் புல்லையும் கூரைக்கு வேய்ந்தார்கள். பளியர்கள் பாறைப் புடவையே வீடாக்கி, முன்புறம் தழை மறைப்பு மட்டும் வைத்துக்கொண்டதும் உண்டு. மலைமாட்டுக்காரர்கள் அடிவாரத்தில் தொழு வைத்தார்கள். தொழுவின் மதிப்பைப் பார்க்க வேண்டுமானால் மாட்டுப் பொங்கலன்று கம்பம் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்குப் போக வேண்டும். அங்கே தொழுதான் கோயில்.

நகராத முகாம்

இந்த மரபு முதலில் பெரிய அளவில் இடறியது, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் காலத்தில் என்று நினைக்கிறேன். 1887 முதல் 1895 வரை நடந்த அணை வேலைக்கு ஆயிரக்கணக்கானோர் பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மலையேறினார்கள். அவர்கள் தங்கியதும் இலையும் புல்லும் வேய்ந்த குடிசைகள்தாம். கட்டும் முறை அவர்களுக்குத் தெரிந்த பழைய முறைதான். வேறுபாடு ஒன்றே: அந்த முகாம் நகரவில்லை. ஒரே ஈர நிலத்தில், நெருக்கமாக, ஆண்டுக்கணக்கில் நின்றது. மலேரியாவும் காலராவும் பலரைக் கொண்டுபோயின. கிடையிலும் மசாய்க் குடியிருப்பிலும் சுகாதாரம் என்பது இடம்பெயர்வதிலேயே அடங்கியிருந்தது. இடம்பெயர்வை எடுத்துவிட்டு ஓலையை மட்டும் வைத்துக்கொண்டால், பழி ஓலைமேல் விழும்.

அந்தப் பழி 2004-இல் நிரந்தரமாக விழுந்தது. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. அந்த உத்தரவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கத் தொடங்கியது. 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லம் 2030-க்குள் 8 லட்சம் வீடுகளை இலக்காக வைத்திருக்கிறது. குடிசையில் ஒழுகலும் பாம்பும் தீயுமாக வாழ்ந்தவர்கள் அதைவிட்டு வெளியேறியதில் வருந்த எதுவுமில்லை. வருத்தம் வேறு இடத்தில். குடிசையோடு வேய்தல் தெரிந்த கையும் போனது. ஆனால் தற்காலிக உறைவிடத்தின் தேவை போகவில்லை.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அது வெளிப்பட்டது. நாகப்பட்டினம் முதல் சென்னை வரை தார்த்தகடு வைத்து வரிசை வரிசையாகக் கூடங்கள் எழுந்தன. பகலில் உள்ளே உட்கார முடியாது, மழையில் தரை ஊறும். சென்னை கார்கில் நகரில் தீப்பிடித்தது. சில மாதங்களுக்கென்று போட்டவற்றில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. ஈழத்திலிருந்து 1983 முதல் வந்தவர்களுக்குக் கொடுத்த 10 அடிக்கு 10 அடி அறைகளின் கதை இன்னும் நீளம். உலக அளவில் நிவாரணப் பணிகளுக்கு வழிகாட்டும் ஸ்ஃபியர் கையேடு தலைக்கு 3.5 சதுர மீட்டர் உட்தளம் கேட்கிறது. நான்கு பேருக்கு 14. அந்த அறையில் இருப்பது 9.3. அந்த முகாம்களின் வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரும் அறிவிப்பு 2021-இல்தான் வந்தது.

தீ விஷயத்திலும் ஸ்ஃபியர் சொல்வது கவனிக்கத்தக்கது. கட்டடத்துக்குக் கட்டடம் குறைந்தது 2 மீட்டர், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 30 மீட்டர் வெற்றிடம். கிடைக்குடில் எப்போதும் வெட்டவெளியில் தனியாக நின்றது. தார்த்தகடும் எரிந்தது என்பதை வைத்துப் பார்த்தால், கூரைப் பொருளைப் போலவே நெருக்கமும் விசாரிக்கப்பட வேண்டிய குற்றவாளி.

ருவாண்டா தரும் எச்சரிக்கை

ஆப்பிரிக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வட்டக் குடிலின் தோற்றம் என்று நினைப்பவர்கள் ருவாண்டாவைப் பார்க்கட்டும். 1994 இனப்படுகொலைக்குப் பின் ஐ.நா. அகதிகள் ஆணையம் 4 மீட்டருக்கு 6 மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு கொடுத்தது. சட்டத்துக்கு அகதிகள் மரத்தை வெட்டினார்கள், காடு அழிந்தது. மாற்றாக அலுமினியக் குழாய் கொடுத்தால், அதை விற்றுவிட்டு மறுபடி மரத்தையே வெட்டினார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் காகிதக் குழாயை முன்வைத்து, 1999-இல் பியும்பா முகாமில் 50 கூடாரங்களைச் சோதனையாக நிறுத்தினார். பாராட்டத் தக்க முயற்சிதான். ஆனால் சோமாலியரின் கழி ஏன் விற்பனைக்குப் போகவில்லை என்று யோசிக்க வேண்டும். அது அந்தப் பெண்ணுடைய சொத்து, அவளே வளைத்தது, நாளையும் வேண்டும். கொடுக்கப்பட்ட சட்டத்துக்கு அந்தப் பந்தம் இல்லை.

பொட்டிப்புரம் போன்ற ஊருக்கு ஒரு வடிவமைப்பைச் சொல்ல வேண்டுமானால், ஏற்கெனவே கண்முன் இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்கலாம்: திராட்சைப் பந்தல். கல்காலை ஊன்றிக் கம்பியை இழுத்து, கொடியை மட்டும் கவாத்து செய்து புதுப்பிக்கும் அமைப்பு அது. சட்டம் நிலைத்திருக்க, மேற்பரப்பு மாறுகிறது. ஊர்ப் பொதுநிலத்தில் இப்படிக் கல்காலும் கம்பியும் முன்கூட்டியே இருந்தால், வெள்ளமோ தீயோ வந்த அன்று தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதோடு முதல் வேலை முடியும். அதன்கீழ் ஒரு சாண் இடைவெளி விட்டு ஓலைப்பாய் வந்தால் வெக்கை இறங்கும். தாழ்வாரம் தாழ இருக்க வேண்டும், முகட்டில் புகைபோக வழி வேண்டும். சுவருக்கு, மசாய் மிலாறு பின்னலின் இடத்தில் மேகமலை அடிவாரத்தை அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடி. நீலகிரி மாவட்டக் கூடலூர்க் கைவினைஞர்கள் அதே செடியில் முழு யானை உருவங்களைச் செய்து காட்டியிருப்பதால், அதன் கொம்பு வளைந்து கொடுக்குமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. முள்படலுக்குச் சீமைக்கருவேலம்.

ஒரு சிக்கலைத் தவிர்க்க முடியாது. பழைய குடிலில் அடுப்புப் புகை கூரையில் படிந்து பூச்சியைத் தடுத்தது. ஆப்பிரிக்கக் குடில்களிலும் அப்படித்தான். எரிவாயு அடுப்பு வந்தபின் அதே ஓலை சீக்கிரம் உளுத்துவிடுகிறது. புகையைத் திரும்பக் கொண்டுவா என்று பெண்களிடம் யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மூங்கிலை போராக்சும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பதுபோல் ஓலைக்கும் ஒரு பக்குவம் தேவை.

மேய்ச்சல்காரர்களின் நிலையோ மேலும் சுருங்குகிறது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 2022 மார்ச்சில் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த தடை, பின்னர் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று வரையறுக்கப்பட்டது. மேலே தொழு போட முடியாதவர் கீழே பிறர் நிலத்தில் கிடை போட்டாக வேண்டும். அவருக்கு இன்று கிடைக்கும் கூரை கடையில் வாங்கும் நீலத் தார்ப்பாய். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை பனையை வெட்ட ஆட்சியர் அனுமதியைக் கட்டாயமாக்கியது, நல்ல காரியம். மரம் இனி நிற்கும். ஏறி ஓலை கழிக்கிறவருக்கும் பாய் முடைகிறவருக்கும் கூலி எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்பதைப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை எழுதுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.