எருவண்டி செய்த ஆசிரியர்

நிலத்தை உழுவதைக் காட்டிலும் அதற்கு உரமூட்டுவது மேலானது என்பது திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் காட்டும் நெறி. அவ்வுரம் தொழுவத்திலிருந்து கழனிக்குச் சென்று சேர்ந்த வரலாற்றையோ நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றில் ஒரு பள்ளியாசிரியரின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் அதனை அறிந்திருத்தல் நன்று.

கறவை மாடு வளர்ப்போர்க்கு எரு செல்வமுமாகும், சுமையுமாகும். நன்கு வளர்ந்த கறவைப் பசு ஒன்று நாளொன்றுக்கு 30 கிலோவுக்கும் மேலான சாணமும் சிறுநீரும் கழிக்கும். அமெரிக்க நாட்டின் வடபுலத்தில் பனிக்காலம் முழுவதும் மாடுகள் தொழுவத்திலேயே கட்டுண்டு கிடக்கும். எருவும் மலைபோற் குவியும். முற்காலத்தில் உழவர் அதனைக் கவைக்கோலால் அள்ளி வண்டியிலேற்றினர்; வயலில் சிறு குவியல்களாக இறக்கினர்; பின்னர் அக்குவியல்களைக் கையாலேயே சிதறிப் பரப்பினர். இவ்வாறு ஒரே எருவை மும்முறை கையாள வேண்டியிருந்தது. அத்தனை உழைத்தும், எரு ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் விழுந்தது.

இவ்விடரைத் தீர்க்கக் கனடா நாட்டைச் சேர்ந்த ஜோசப் கெம்ப் என்பார் 1875ஆம் ஆண்டில் ஒரு வண்டியை அமைத்தார். அதன் அடித்தளம் மெல்ல நகர்ந்து எருவைப் பின்புறம் தள்ளும். அங்கே பற்கள் பொருத்திய உருளையொன்று சுழன்று அதனைப் பிய்த்து எறியும். குதிரைகள் இழுக்க, உருளும் சக்கரங்களே இவ்வனைத்தையும் இயக்கின. எனினும் எரு வண்டியின் அகல அளவுக்கே விழுந்தது. ஆதலின் வண்டி வயலில் பன்முறை சென்று திரும்ப வேண்டியிருந்தது.

ஒகாயோ மாநிலத்தில் மரியா ஸ்டைன் என்றொரு சிற்றூர் உண்டு. செருமானியக் குடியேறிகள் உழவும் மாடு வளர்ப்பும் மேற்கொண்டு வாழ்ந்த பகுதி அது. அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஜோசப் ஓப்பன்ஹைம். வளர்ந்த மாணவர்கள் அடிக்கடி பள்ளிக்கு வாராதிருத்தல் அவர் உள்ளத்தை வருத்தியது. அவர்கள் சோம்பித் திரியவில்லை. தந்தையருடன் எருவள்ளிக் கொண்டிருந்தனர். வகுப்பறையின் வெற்றிடத்துக்குக் காரணம் தொழுவத்தில் இருந்தது.

சிறுவரின் பந்து விளையாட்டே அவருக்கு வழிகாட்டிற்று என்றொரு செய்தி வழங்குகிறது. மட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பந்து நேரே செல்லாது பக்கவாட்டில் பறக்கும் அன்றோ? 1899ஆம் ஆண்டில் அவர் அமைத்த வண்டியின் பின்புறத்தில், சுழலும் அச்சொன்றில் சாய்வான தகடுகள் பொருத்தப்பட்டன. உருளை பிய்த்தெறிந்த எருவை அத்தகடுகள் இருபுறமும் வீசின. சக்கரத் தடங்களுக்கு அப்பாலும் எரு சீராகப் பரவிற்று. வயலில் வண்டி செல்லும் சுற்றுகள் குறைந்தன, கைவேலையும் குறைந்தது.

இக்கருவி 'நியூ ஐடியா', அதாவது 'புதிய எண்ணம்' என்னும் பெயர் பெற்றது. ஆனால் அதன் வெற்றியை நெடுநாள் கண்டு மகிழும் பேறு ஆசிரியர்க்கு வாய்க்கவில்லை. 1901ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். குடும்பத்தார் தொழிலைக் கைவிடாது நடத்தினர். பின்னர் அண்மையிலுள்ள கோல்டுவாட்டர் என்னும் ஊரில் அது பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தது.

வாராத மாணவனைக் குறைகூறுதல் எளிது. அவன் வாராமைக்குக் காரணம் தேடுதல் அரிது. அக்காரணத்தைத் தம் கையாலேயே களைய முயலுதல் அதனினும் அரிது. ஓப்பன்ஹைம் அம்மூன்றாவதைச் செய்தார். நம் வகுப்பறைகளிலும் வெற்றிடங்கள் உண்டு. அவற்றின் காரணம் எத்தொழுவத்தில் உள்ளதென நாம் தேடிச் செல்கிறோமா?