திருமுக்கூடல் ஆதுலசாலையும் இடுப்பு முறிவும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூரருகே கடல் சேரும் பாலாற்றின் கரையோடு மேற்கே சென்றால், செங்கல்பட்டைக் கடந்து திருமுக்கூடலை அடையலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இவ்வூர்ப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழர் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டொன்று உள்ளது. வேதக்கல்லூரி, மாணவர் விடுதி ஆகியவற்றுடன், 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையின் செலவுக் கணக்கையும் அது தருகிறது.

மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். பணிப்பெண்டிர் இருவருக்குமாக 30 கலம் நெல்லும் 1 காசும். மூலிகை கொணர்வோர், நாவிதர், தண்ணீர் கொணர்பவர், இரவு விளக்குக்கான எண்ணெய் என யாவும் கணக்கில் உண்டு. அறுவை செய்பவரின் ஊதியத்துக்கு இணையாகப் பணிவிடைக்கும் நெல் அளந்திருப்பது நம் கருத்தை ஈர்க்கிறது.

இதன் அருமையை உணர, முதுமையில் நேரும் இடுப்பு முறிவை எண்ணிப் பார்ப்போம். கை எலும்பைச் சிம்பு வைத்துக் கட்டி ஆற்றலாம். தொடை எலும்பின் கழுத்தோ தடித்த தசைகளுக்குள் ஆழ்ந்திருப்பது; வெளிக்கட்டு அதை அசையாது நிறுத்தாது. முறிவில் இரத்த நாளங்களும் அறுபடுவதால், எலும்பின் தலைப்பகுதி உயிரிழப்பதும் உண்டு. எனினும் முதியோரைப் பெரிதும் கொன்றது முறிவன்று, கிடக்கைதான்: படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி, கால் நாளத்தில் உறைந்து நுரையீரலை அடைக்கும் குருதிக்கட்டி.

1931இல் ஸ்மித்-பீட்டர்சன் மூவிதழ் ஆணியைப் பற்றி எழுதினார். 1940இல் ஆஸ்டின் மூர் உலோகத் தலையைப் பொருத்தினார். 1962இல் ஜான் சார்ன்லி முழு மூட்டு மாற்றத்தை நிலைபெறச் செய்தார். இவை அனைத்தின் பயனும் ஒன்றே: நோயாளியை விரைந்து எழுப்பி நடக்கவைத்தல். ஓரிரு நாட்களுக்குள் அறுவை, மறுநாளே எழுந்து நிற்றல் என்பதே இன்றைய நெறி. 'இந்த வயதில் அறுவையா?' என்று தயங்கி வீட்டில் கிடத்துவதே பெரும்பாலும் கூடுதல் ஆபத்து.

1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியைச் செங்கல்பட்டு பெற்றிருக்கிறது. ஆயினும் வீடு திரும்பிய மூதாட்டியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், கைபிடித்து நடத்துவதும் மகளுக்கோ மருமகளுக்கோ உரிய ஊதியமில்லா வேலையாகவே இன்றும் உள்ளன. அப்பணிவிடையும் மருத்துவமே என்று கருதி, அதற்கெனத் தனியே நெல் ஒதுக்கிக் கல்லில் வெட்டிவைத்தது சோழர் காலம். நம் காலம் அதை எந்தக் கணக்கில் எழுதப்போகிறது?