சேஸிஸ் எண் சாட்சி சொல்லுமா?

மன்னர் மானியம் 1971இல் ஒழிந்த பிறகு சமஸ்தானத்துக் கார்கள் எப்படிக் கப்பலேறின என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்தக் கதைக்குள் நுழையும் முன் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பம்பாய்த் துறைமுகத்தில் ஏறிய கார்தான் இன்று வெளிநாட்டு ஏலத்தில் நிற்கும் கார் என்று எதை வைத்துச் சொல்வது? இன்ஜின் மாறியிருக்கும், பாடி மாறியிருக்கும், நிறம் நாலு தடவை மாறியிருக்கும். இதற்கு விடை இல்லாமல் கப்பல் கணக்கு எழுதினால் அது வெறும் அரண்மனை வம்பாகப் போய்விடும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காரை 'அதே கார்' ஆக்குவது அது அறுபடாமல் வாழ்ந்த வாழ்க்கையும் அந்த வாழ்க்கைக்கு இருக்கும் ஆவணமும்தான். இரும்பும், இரும்பில் அடித்த எண்ணும் அதற்கு அடுத்தபடி.

அரசாங்கத்தின் கட்சி வேறு. டில்லியில் டி.எல்.7 என்று தொடங்கும் நம்பர் பிளேட் மயூர் விஹார் ஆர்.டி.ஓ. கொடுத்தது. அந்த அலுவலகமும் சரி, நாட்டின் வேறு எந்த ஆர்.டி.ஓ.வும் சரி, ஒரு காரை அடையாளம் காண்பது சேஸிஸ் எண், இன்ஜின் எண் என்ற இரண்டால்தான். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து விண்ணப்பத்தோடு ஒட்டுவது நாம் எல்லோரும் அறிந்த நடைமுறை. அன்றாட ஓட்டத்துக்கு இது போதும். ஆனால் இதை எவ்வளவு சுலபமாக ஏய்க்கலாம் என்பதற்கு அத்தாட்சி, மயூர் விஹாரை ஒட்டிப் போகும் டில்லி-மீரட் விரைவுச்சாலையின் மறுமுனையில் இருக்கிறது. மீரட்டின் சோத்திகஞ்ச் பல பத்தாண்டுகளாக வட இந்தியாவின் பெயர்போன கார் உதிரிபாகச் சந்தையாக இருந்தது. திருட்டு வண்டிகள் அங்கே அக்குவேறு ஆணிவேறாகக் கழன்றன. 2021 டிசம்பரில் உத்தரப் பிரதேசப் போலீஸ் அதை இழுத்து மூடியது. டில்லி வட்டாரத்தில் போலீஸ் திரும்பத் திரும்பப் பிடித்த உத்தி இது: விபத்தில் நொறுங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று கழித்த காரைப் பேப்பரோடு வாங்குவது, அதே மாடலில் இன்னொரு காரைத் திருடுவது, திருடிய காரின் எண்ணை அரைத்து எடுத்துவிட்டுச் செத்த காரின் எண்ணைப் பஞ்ச் செய்வது. பேப்பர் அசல், எண்ணும் பேப்பரோடு பொருந்தும், கார்தான் வேறு. பென்சில் அச்சு அங்கே திருடனுக்குச் சாட்சி சொல்கிறது.

அபூர்வமான கார்களில் இரட்டை அடையாளம் உண்டாக இத்தனை கயமைகூடத் தேவையில்லை. ஜாகுவார் கம்பெனியின் டி-டைப் பந்தயக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் அதன் முன்புறச் சட்டத்தை நடுக்கூட்டோடு போல்ட் போட்டு இணைத்தார்கள். பந்தயத்தில் அடிபட்டால் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதைப் பூட்டிக்கொண்டு அடுத்த வாரம் ஓடலாம். கழற்றி வைத்த சட்டத்தை எவரோ எடுத்துப் பத்திரப்படுத்தி, பல ஆண்டுகள் கழித்து அதைச் சுற்றி ஒரு முழுக் காரை எழுப்பினால் ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள். இருவர் கையிலும் பாதி உண்மை. கம்பெனிகளே இந்தக் குழப்பத்தில் எண்ணெய் ஊற்றின. 1963இல் ஜாகுவார் தன் எடை குறைந்த இ-டைப் காருக்கு 18 எண்களை ஒதுக்கி 12 கார்களோடு நிறுத்தியது. மிச்சமிருந்த 6 எண்களுக்கு 2014இல் புதுக் கார்களைக் கட்டத் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்தவற்றுக்கு 1963ஆம் ஆண்டின் எண்! இதில் சட்டப்படி குற்றம் ஏதும் இல்லை. எண்ணுக்குத் தானாக ஒரு பொருளும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணமும் இல்லை.

இனி வுல்ஃப் பார்னாட்டோவுக்கு வருவோம். தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கத்தில் அப்பா பார்னி பார்னாட்டோ குவித்த பணத்தைக் காரில் கொட்டியவர். பென்ட்லி கம்பெனியின் தலைவர். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றே தடவை கலந்துகொண்டு, 1928, 1929, 1930 என்று மூன்றிலும் ஜெயித்தவர். அந்தச் சாதனையை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. 1930 மார்ச் மாதம் கான் நகரில் ஒரு பந்தயம் கட்டினார்: ப்ளூ டிரெயின் என்ற சொகுசு ரயில் தென்கடற்கரையிலிருந்து வடக்கே கலே துறைமுகத்தை எட்டுவதற்குள் தான் காரில் லண்டனுக்கே போய்விடுவதாக. மார்ச் 13 மாலை, ரயில் கிளம்பிய நேரத்தில் அவரும் நண்பர் டேல் பார்னும் கிளம்பினார்கள். வழியில் பெருமழை. ஓசேர் ஊரில் பெட்ரோலோடு காத்திருந்தவர்களைத் தேடி நேரம் போயிற்று. பாரிஸ் பக்கம் மூடுபனி. ஒரு டயர் வெடித்தது, இருந்த ஒரே ஸ்டெப்னியும் தீர்ந்தது. பூலோன் துறைமுகத்தில் கப்பலேறிக் கால்வாயைத் தாண்டி மறுநாள் பிற்பகல் லண்டனில் காரை நிறுத்தியபோது, கலேயை ரயில் எட்ட இன்னும் 4 நிமிடம் இருந்தது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டியதற்காகப் பிரெஞ்சு அதிகாரிகள் அபராதம் விதித்தார்கள். அந்த ஆண்டின் பாரிஸ் கார் கண்காட்சியில் பென்ட்லிக்கு இடம் மறுக்கப்பட்டது. தோற்றவர்களின் கோபம் என்றே அதை நான் படிக்கிறேன். அடுத்த ஆண்டே, கம்பெனி மூழ்கும் வேளையில் மேற்கொண்டு பணம் தர மறுத்து, அதை உண்டாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லியை நட்டாற்றில் விட்டவரும் இதே பார்னாட்டோதான். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஓட்டத்தில் ஓடிய கார் எது? பல பத்தாண்டுகளாக உலகம் காட்டிய விடை, கர்னி நட்டிங் பாடி கட்டிய, முதுகு சரிந்த, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத கூப்பே. ரயிலோவியங்களுக்குப் பேர்போன டெரன்ஸ் குனியோ அந்தக் கூப்பேயை ரயிலோடு போட்டிபோட விட்டு ஓவியமே தீட்டினார். பொம்மைக் கார்கள் வந்தன, புத்தக அட்டைகள் வந்தன. பிறகு தேதிகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஓர் எளிய உண்மையைக் கண்டார்கள். மார்ச் மாதப் பந்தயத்தின்போது கூப்பே கட்டி முடிக்கப்படவே இல்லை. அது பார்னாட்டோ கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ரயிலை ஜெயித்தது எச்.ஜே. மல்லினர் பாடி கட்டிய சாதாரணமான சலூன். பிற்காலத்தில் அந்த சலூனின் பாடி ஒரு பக்கமும் சேஸிஸ் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்து, மறுபடி ஒன்றுசேர்க்கப்பட்டன. இதில் கூப்பேயின் மேல் ஒரு தவறும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் எண் அசல், இரும்பு அசல், பார்னாட்டோவுக்குச் சொந்தமாக இருந்ததும் அசல். மேலே ஏறிய கதைதான் இன்னொரு காருடையது. எண்ணையும் இரும்பையும் நம்பியிருந்தால் இந்தத் தப்பு கடைசி வரை பிடிபட்டிருக்காது. பிடித்துக் கொடுத்தது ஒரு தேதி.

இதற்கு நேர் எதிரான கேஸும் பார்னாட்டோவின் கொட்டகையிலிருந்தே வந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மானில் ஜெயித்த ஸ்பீட் சிக்ஸ் பென்ட்லியின் செல்லப்பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. அதற்குப் பிறகும் அது ஓய்வெடுக்கவில்லை. 1931இல் புரூக்லேண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தை ஜெயித்தது. 1932இல் 8 லிட்டர் இன்ஜினோடு அதே பந்தயத்துக்கு வந்தபோது, கிளைவ் டன்ஃபீ ஓட்டிக்கொண்டிருக்கையில் சாய்தளத்தின் விளிம்பைத் தாண்டிப் பறந்து விழுந்து அவர் உயிரைக் குடித்தது. மறுபடி அதைக் கட்டினார்கள், இந்தத் தடவை சாலையில் ஓடும் கூப்பேயாக. 1990இல் 1 கோடி பவுண்டு மதிப்பில் விலை பேசி முடிந்த பிறகு, வாங்க வந்த கம்பெனி பின்வாங்கியது. இது அந்தக் காரே இல்லை என்பது அதன் வாதம். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1930இல் ஜெயித்த காரிலிருந்து மிஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தண்டு போன்ற சில்லறைகளே என்று நீதிபதி ஆட்டன் கண்டார். இருந்தும் காரின் உரிமையாளர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு மாற்றமும் கார் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதே காருக்குள் சேர்ந்து கலந்தது. எந்தக் கட்டத்திலும் அது வேறு காராகிவிடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகில் வேறு பென்ட்லியும் இல்லை. விற்பனைக்கு வந்தது உலோகமும் அதன் வரலாறும் சேர்ந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். பழங்கார் வழக்குகளில் இவ்வளவு தெளிவாக யோசித்த தீர்ப்பு இன்னொன்றை நான் படித்ததில்லை.

இரும்பை விட்டுக் கதையைப் பிடித்தால் கதையைப் புனைகிறவன் அல்லவா ஜெயிப்பான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. லண்டன் ஷோரூமில் அவமானப்பட்ட அல்வர் மகாராஜா ஜெய்சிங் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களை வாங்கி வந்து குப்பை அள்ள விட்டார் என்ற கதையைக் கேட்காதவர் இல்லை. அதே கதை ஹைதராபாத் நிஜாமுக்கும் பாட்டியாலாவுக்கும் பரத்பூருக்கும் சொல்லப்படுகிறது. ஒரே சம்பவம் நான்கு அரண்மனைகளில் நடந்திருக்க வழியில்லை. சாட்சியாகக் காட்டப்படும், முன்சக்கரத்தருகே துடைப்பம் கட்டிய காரின் புகைப்படத்தில் இருப்பது ரோல்ஸ்-ராய்ஸே அல்ல. 1930களின் பாலஸ்தீனத்தில், சாலையில் இறைத்த ஆணிகளைப் பெருக்கித் தள்ள அப்படிக் கட்டிய ஃபோர்டு. கதையைக் கண்ணை மூடி நம்பச் சொல்லவில்லை நான். கதை ஆவணத்தின் முன் நிற்க வேண்டும். ரோல்ஸ்-ராய்ஸ் தன் சேஸிஸ் ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த அட்டைகளில் வாங்கியவர், பாடி கட்டியவர், அனுப்பிய தேதி எல்லாம் உண்டு. பொருளே சொல்லும் சாட்சியும் உண்டு. தஞ்சை மாவட்டம் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிவந்து லண்டன் போய்விட்ட நடராஜர் எந்த எண்ணும் பொறிக்கப்படாதவர். அதே லண்டன் உயர் நீதிமன்றம் 1988இல் அவர் பத்தூர் நடராஜர்தான் என்று ஏற்றபோது, ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும் வார்ப்பின் பாணியும் பேசின. தமிழகத் தொல்லியல் துறையின் இரா. நாகசாமி போய்ச் சாட்சி சொன்னார். மேல்முறையீட்டிலும் ஜெயித்து 1991இல் நடராஜர் தமிழகம் திரும்பினார். வாழ்ந்த இடமும் வாழ்ந்த விதமும் பொருளின் மேல் எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இப்போது நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. 50 ஆண்டு தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். அப்போது 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களை ஓடவிடாத டில்லியில், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது உயிர்ப்பிச்சை. வரவேற்கிறேன். ஆனால் அதில் ஒரு நிபந்தனை: வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ எந்த மாற்றமும் பெரும் மராமத்தாகக் கொள்ளப்படும். இந்த நிபந்தனையின் முன் ஓல்ட் நம்பர் ஒன் வந்து நின்றால் மயூர் விஹார் ஆர்.டி.ஓ. அதைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். மூன்றுமே மாறிய கார் அது. ப்ளூ டிரெயின் கதையைத் தவறாகச் சுமந்த கூப்பேயோ தலைநிமிர்ந்து உள்ளே போகும்.

இந்தியாவில் இந்த நிபந்தனையால் அடிபடுவது யார் என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து 'டிஸ்போசல்' வண்டிகளாக வந்த ஜீப்புகள். வில்லிஸ் ஒன்று, ஃபோர்டு ஒன்று என்று இரண்டு கம்பெனிகள் அமெரிக்க ராணுவத்துக்காக ஒரே வரைபடத்தில் கட்டியவை. தெரிந்தவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். வில்லிஸ் சட்டத்தின் முன்குறுக்குச் சட்டம் உருளைக் குழாய், ஃபோர்டுடையது கவிழ்த்த தகரப் பட்டை. ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. ஆனால் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். பிறகு மஹிந்திராவின் பாகங்களும் வந்து சேர்ந்தன. எஸ்டேட்டிலும் காட்டிலாகாவிலும் உழைத்த ஜீப்புக்கு மெக்கானிக் கையில் கிடைத்ததைப் பூட்டினார். அது மோசடியா? உழைத்துக்கொண்டிருந்த வண்டியில் 1960களில் இன்ஜின் மாற்றியது அந்த வண்டியின் வாழ்க்கையில் ஒரு நாள். எண் அடித்த ஒரு முழ இரும்பைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, அதைச் சுற்றி நேற்று ஒரு 'போர்க்கால ஜீப்' கட்டி விற்பதுதான் மோசடி. விதி இந்த இரண்டையும் பிரித்தறியவில்லை.

நிபந்தனையைத் தளர்த்தினால் போலிகள் புகுந்துவிடும் என்பார்கள். நடப்பது தலைகீழ். "இன்ஜினை மாற்றினேன், இதோ பில்" என்று நேர்மையாகச் சொல்பவர் இன்று தோற்கிறார். மாற்றிய இன்ஜினில் பழைய எண்ணைப் பஞ்ச் செய்துகொண்டு வாய் மூடி நிற்பவர் ஜெயிக்கிறார். பொய்க்குப் பரிசு கொடுக்கும் விதி இது. எது மாறியது, எப்போது மாறியது, யார் மாற்றினார், அதற்கு என்ன சான்று என்று எழுத ஒரு பக்கத்தை விண்ணப்பத்தில் சேர்த்து, அறுபடாத வரலாறு உள்ள வண்டியை ஏற்கும்படி அமைச்சகம் இந்த நிபந்தனையைத் திருத்த வேண்டும்.

சமஸ்தானத்துக் கார்களின் கப்பல் பயணம் அடுத்த வாரம். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு எதற்காவது ஆர்.சி. புத்தகமோ வரி ரசீதோ ஒர்க்ஷாப் பில்லோ காரோடு எடுத்த குடும்பப் படமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். காரை எப்போதோ விற்றிருந்தால், அது இன்று யாரிடம் இருக்கிறதென்று விசாரித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.