காணாமற்போன கட்டம்

ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு அலுவலகம். புதிதாக வந்த அலுவலர் கையேட்டைப் பார்க்கிறார். கணிப்பொறித் திரையைப் பார்க்கிறார். கையேட்டில் உள்ள ஒரு கட்டம் திரையில் இல்லை! முன்பிருந்தவர் யாரோ அதை மறைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். அந்த மாற்றம் எங்கே பதிவாகியிருக்கும்? இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1960-களில் தகவல்கள் மரக்கிளைகளைப் போல் அடுக்கி வைக்கப்பட்டன. அப்பல்லோ திட்டத்திற்காக ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ். இத்தகையதே. வேண்டிய தகவல் எந்தக் கிளையில் இருக்கிறது என்பது நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளை மாறினால் நிரலையும் திருத்த வேண்டும்.

ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட்கர் காட் 1970-ஆம் ஆண்டில் ஒரு புது வழி கூறினார். எல்லாத் தகவல்களையும் எளிய அட்டவணைகளில் வைப்போம், 'எங்கே இருக்கிறது?' என்பதை விட்டு, 'என்ன வேண்டும்?' என்று மட்டும் கேட்போம் என்பதே அது. அவ்வாறு கேட்பதற்குரிய மொழியைச் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் வெளியிட்டனர். 1979-இல் ஆரக்கிள் தகவல் தளம் விற்பனைக்கு வந்தது. 1985-இல் காட் வகுத்த விதிகளுள் ஒன்று மிக நுட்பமானது: தகவல் தளத்தைப் பற்றிய விவரங்களும் அட்டவணைகளிலேயே இருக்க வேண்டும். நூலகப் பட்டியலையும் ஒரு நூலாக்கி அதே அலமாரியில் வைப்பது போன்றது இது.

ஆரக்கிளின் நிறுவன நிர்வாக மென்பொருளில் திரைப் பக்கங்களின் அமைப்பும் இவ்வாறே அட்டவணைகளில் இருக்கிறது. 'ஜே.டி.ஆர். பாத்ஸ்' என்ற அட்டவணையில் பக்கங்களின் பெயரும் இருப்பிடமும் உள்ளன. பக்கத்தின் உறுப்புகளும் அவற்றின் தன்மைகளும் வேறு இரு அட்டவணைகளில் உள்ளன. மூலப் பக்கத்தை யாரும் அழிப்பதில்லை. மாற்றங்கள் 'கஸ்டமைசேஷன்ஸ்' என்ற பிரிவில் தனி ஆவணங்களாக இருக்கின்றன. படத்தின்மேல் கண்ணாடித் தாளை வைத்து எழுதுவதுபோல, பக்கம் திறக்கும்போது மாற்றம் அதன்மேல் பொருத்தப்படுகிறது. ஆதலால் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்து மூலப் பக்கம் மாறினாலும் மாற்றம் தனியே நிற்கும்.

இனித் தேடுவது எளிது. 'ஜே.டி.ஆர். யூட்டில்ஸ்' என்ற துணை நிரலிடம் பக்கத்தின் முழுப் பெயரைக் கொடுத்தால், அதன் மாற்றங்களையெல்லாம் பட்டியலிடும். மாற்றம் நிறுவனம் முழுவதற்குமா, ஒரு பொறுப்பில் உள்ளோர்க்கா, தனி ஒருவர்க்கா என்பதும் அதில் விளங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அட்டவணையைப் படிக்கலாம், அதில் நேரே கைவைத்துத் திருத்தக் கூடாது. திருத்தத்தை அதற்குரிய நிர்வாகப் பக்கத்தின் வழியே செய்வதுதான் முறை.

மாற்றம் செய்தவர் போய்விட்டார். அவர் செய்தது போகவில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு அட்டவணை விடை சொல்லும்.